ராணுவ டாக்டர்கள்: சேர்ப்பது ஒரு பாடு, நிறுத்தி வைப்பது வேறு பாடு

குறிப்பேடு (கேள்வி):

வணக்கம். படைகளின் மருத்துவப் பிரிவில் டாக்டர் பற்றாக்குறை பற்றி ஒரு நீண்ட கட்டுரைக்குத் தகவல் திரட்டிக்கொண்டிருக்கிறேன். டாக்டர்களைக் கட்டாயப்படுத்தி அழைக்காத, விருப்பத்தின் பேரில் சேர்க்கும் நாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான். ‘படிப்புச் செலவைக் கொடுத்து பாண்ட் எழுதி வாங்கினால் தீர்ந்தது’ என்று ஒரு தரப்பு. ‘பாண்ட் முடிந்த மறுநாளே பெட்டி கட்டிவிடுகிறார்கள்’ என்று இன்னொரு தரப்பு.

பாண்ட் ஆண்டுகளைக் கூட்டினால் ஆள் எண்ணிக்கை உண்மையிலேயே கூடுமா? சம்பளம் எவ்வளவு தூரம் உதவும்? ஒரு நாட்டில் 4 ஆண்டு, இன்னொன்றில் 9, வேறொன்றில் 17 என்கிறார்கள். இவற்றை எப்படி ஒப்பிடுவது? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், அவசரமில்லை.

---

கணக்கர்:

முதலில் ஒப்பீட்டுக் கேள்வி, ஏனென்றால் பெரும்பாலான கட்டுரைகள் சறுக்குவது அங்கேதான். ஆண்டு எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அந்த எண் எங்கே தொடங்குகிறது, எதை உள்ளடக்குகிறது என்று பாருங்கள்.

ஜெர்மனியில் மருத்துவ அதிகாரியாகச் சேரும் மாணவர் 17 ஆண்டுக்குக் கையெழுத்திடுகிறார். ஆனால் அதில் 6 ஆண்டு மருத்துவப் படிப்பும் அடக்கம். டாக்டராகக் கிடைப்பது 11 ஆண்டு, அதிலும் சிறப்புப் பயிற்சிக் காலம் போக வேண்டும். ஜப்பானின் தேசியப் பாதுகாப்பு மருத்துவக் கல்லூரியில் 9 ஆண்டு. அது பட்டம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதால், தொடக்கப் பயிற்சியும் அதற்குள்ளேயே கழிகிறது. அமெரிக்காவில் கல்விச் செலவை ஏற்கும் எச்.பி.எஸ்.பி. திட்டத்தில் பணம் வாங்கிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் ஆண்டு. நான்காண்டு படித்தால் நான்கு. பெதஸ்டாவில் உள்ள படைத்துறை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்தால் ஏழு. ஆனால் இந்த நான்கிலும் ஏழிலும் ரெசிடென்ஸி, அதாவது பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சிக் காலம், சேராது. ஐந்தாண்டு ராணுவ மருத்துவமனையில் சர்ஜரி பயின்றால் அந்த ஐந்தும் முடிந்த பிறகுதான் கடன், அதாவது கட்டாயச் சேவை, கழியத் தொடங்கும். ஆகவே அமெரிக்காவின் ‘7’ நடைமுறையில் ஜப்பானின் ‘9’ஐ விட நீளம். கட்டுரையில் அட்டவணை போடுவதாக இருந்தால் ‘முழுப் பயிற்சி பெற்ற டாக்டராகக் கிடைக்கும் ஆண்டுகள்’ என்று ஒரு நிரல் வைத்து அதை மட்டும் ஒப்பிடுங்கள்.

அடுத்து பாண்ட் நீளம். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஆண்டுக்கு 100 பேர் சேர்கிறார்கள். கட்டாயச் சேவை 4 ஆண்டு. முடிந்ததும் 70 பேர் போய்விட, 30 பேர் சராசரியாக இன்னும் 10 ஆண்டு இருக்கிறார்கள். நிலைபெற்ற பின் படையில் உள்ளவர்கள்: 400 + 300 = 700. இன்னும் 70 பேர் வேண்டும். இரண்டு வழி. ஒன்று, ஆண்டுக்கு 10 பேரைக் கூடுதலாகச் சேர்ப்பது (ஒருவருக்குச் சராசரி 7 ஆண்டு, 10 × 7 = 70). மற்றது, தங்குபவர்களை 30லிருந்து 37 ஆக்குவது (7 × 10 = 70).

தலைக்கணக்கு ஒன்றுதான். ஆனால் முதல் வழியில் கிடைக்கும் 70இல் 40 பேர் பாண்ட் ஓடிக்கொண்டிருக்கும் இளையவர்கள். இரண்டாவதில் எழுபது பேருமே அனுபவசாலிகள், பெரும்பாலும் ஸ்பெஷலிஸ்ட். அதோடு, இன்று கூடுதலாகச் சேர்க்கும் மாணவர் சர்ஜனாகக் கையில் கிடைக்க ஒன்பது பத்து ஆண்டாகும். இன்று தங்கச் சம்மதிக்கும் சர்ஜன் நாளைக்கே இருக்கிறார். பட்ஜெட் போடுகிறவர்கள் இந்தக் கால வித்தியாசத்தை மறந்துவிட்டு, பற்றாக்குறை கண்ணில் பட்ட பிறகு உதவித்தொகை இடங்களைக் கூட்டுவார்கள். பத்தாண்டு கழித்து அவர்கள் வரும்போது தேவை வேறு துறையில் இருக்கும்.

பாண்டை 4லிருந்து 6 ஆக்கினால்? காகிதத்தில் 100 × 2 = 200 பேர் கூடும். ஆனால் விண்ணப்பிப்பவர் குறைவார்கள், தரம் இறங்கும், பணம் கட்டி வெளியேறுபவர்கள் கூடுவார்கள். இதைத் தாண்டி ஒரு நுட்பம் உண்டு. நீண்ட பாண்ட், ஓய்வூதியத் தகுதிக்கு அருகே கொண்டுபோய் விடும்போது மட்டுமே தக்கவைக்கும். அமெரிக்காவில் 20 ஆண்டு சேவைக்குத்தான் ஓய்வூதியம், சீருடையில் செய்யும் ரெசிடென்ஸியும் அந்த 20இல் சேரும். ஐந்தாண்டு ரெசிடென்ஸியும் ஏழாண்டுக் கடனும் முடித்தவர் 12இல் நிற்கிறார். இன்னும் எட்டுதான் என்று நினைக்கத் தோன்றும். உதவித்தொகையில் வந்து வெளி மருத்துவமனையில் ரெசிடென்ஸி முடித்தவர் கடன் தீரும்போது 4இல்தான் நிற்கிறார். இன்னும் பதினாறு என்றால் யார் இருப்பார்கள்? பெதஸ்டா மாணவர்கள் நீண்டகாலம் தங்குவதற்கு ‘ராணுவப் பற்று’ என்று காரணம் சொல்வதுண்டு. பற்றும் இருக்கலாம். பாதி விளக்கம் இந்தக் கழித்தல் கணக்கிலேயே இருக்கிறது.

---

கத்திமுனை:

கணக்கர் கணக்கில் குறை இல்லை. ஆனால் அந்த 70 பேர் ஏன் போகிறார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை. பணம் என்று சொல்லிவிடுவது சுலபம். என் கருத்தில் அறுவை சிகிச்சைத் துறைகளில் முதல் காரணம் கை துருப்பிடிப்பதுதான்.

படைவீரர்கள் இளையவர்கள், உடல்நலம் சோதிக்கப்பட்டுச் சேர்ந்தவர்கள். அவர்களை மட்டும் பார்க்கும் மருத்துவமனைக்கு என்ன வரும்? குடலிறக்கம், குடல்வால், முழங்கால் ஜவ்வுக் கிழிசல், தோல் கட்டி. கல்லீரல், கணையம், பெரிய இரத்தக்குழாய் வேலை வருவது வயதான நோயாளிகளிடமிருந்து. அவர்களை, அதாவது ஓய்வுபெற்றவர்களையும் குடும்பத்தாரையும், செலவு மிச்சம் என்று வெளி மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிட்டால் சர்ஜனின் பட்டியல் காலியாகிறது. ஐ.சி.யூ. படுக்கைகள் குறைகின்றன. ஐ.சி.யூ. இல்லையென்றால் பெரிய கேஸ் எடுக்க முடியாது. பெரிய கேஸ் இல்லையென்றால் ரெசிடென்ஸிப் பயிற்சிக்கான அங்கீகாரமே ஆட்டம் காண்கிறது. பயிற்சி நின்றால் கற்பிக்கும் ஆசையில் தங்கியிருந்த மூத்தவர்களும் கிளம்புகிறார்கள். ஒரு நூலை இழுத்தால் முழுத்துணியும் பிரிவது போலத்தான்.

இன்னொரு முரண்பாடு. போர்க்களம் கேட்பது ட்ராமா (கடுங்காய) சர்ஜன், மயக்கவியல், எலும்பு, அவசர சிகிச்சை, ஐ.சி.யூ. அமைதிக்காலம் கேட்பது குடும்ப மருத்துவம், மகப்பேறு, குழந்தைகள், தோல். அமைதிக்காலத் தேவையை வைத்து இடங்களை நிரப்பினால் போருக்கு ஆள் இல்லை. போர்த் தேவையை வைத்து நிரப்பினால் அவர்களுக்கு அமைதிக்காலத்தில் வேலை இல்லை. இரண்டு போர்களுக்கு நடுவே கற்றது மறந்துபோகும் இந்தப் பள்ளத்துக்கு ‘வாக்கர் டிப்’ என்றே பெயர் உண்டு. பிரிட்டனின் சர்ஜன் ஜெனரலாக, அதாவது படைகளின் தலைமை மருத்துவ அதிகாரியாக, இருந்த அலஸ்டேர் வாக்கரின் பெயரால் வந்தது.

தீர்வாக நடைமுறையில் உள்ளவை: பிரிட்டன் 1990களில் தன் ராணுவ மருத்துவமனைகளை மூடி, டாக்டர்களைப் பொது மருத்துவமனைகளுக்குள் தனிப் பிரிவுகளாக வைத்தது. கடைசியாக நின்றது ஹாஸ்லர், படை அதைவிட்டு 2007இல் வெளியேறியது. மூடிய வேகத்தில் பலர் வேலையை விட்டது உண்மை. ஆனால் பிர்மிங்ஹாம் போன்ற பெரிய பொது மருத்துவமனையில் வேலை செய்பவருக்குக் கேஸ் பஞ்சமில்லை. ஜெர்மனி எதிர்த் திசையில் போனது: கோப்ளென்ஸ், உல்ம், பெர்லின், ஹாம்பர்க், வெஸ்டர்ஸ்டெட என்று ஐந்து ராணுவ மருத்துவமனைகளை வைத்துக்கொண்டு பொதுமக்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. அமெரிக்கா ராணுவக் குழுக்களை மயாமி, பால்டிமோர், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களின் ட்ராமா மையங்களில் வைத்துப் பழக்குகிறது. கனடா 1990களின் இறுதியில் டாக்டர் வெளியேற்றத்தால் திணறி, 2000இல் ‘ஆர்.எக்ஸ்.2000’ என்ற சீர்திருத்தத்தைத் தொடங்கியது. அதற்குப் பிறகு ராணுவ டாக்டர்கள் பணி நேரத்திலேயே வெளி மருத்துவமனையில் நோயாளி பார்ப்பது முறைப்படுத்தப்பட்டது.

இப்படிப்பட்ட கூட்டு ஏற்பாடுகள் எங்கே உடைகின்றன என்பதுதான் உங்கள் கட்டுரைக்குத் தேவையான பகுதி. டாக்டரை மட்டும் அனுப்பி நர்ஸையும் மயக்கவியல் டெக்னீஷியனையும் விட்டுவிடுவார்கள், போருக்குப் போவதோ குழுவாக. வெளி மருத்துவமனை அவரைத் தன் டியூட்டி அட்டவணையில் நம்பிச் சேர்த்தபின், திடீரென்று களத்துக்குப் போகச் சொன்னால் அந்த இடத்தை நிரப்ப ஆள் இருக்காது. இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாம் முறை அவர்கள் முக்கியமான கேஸ்களைக் கொடுக்கமாட்டார்கள். சிகிச்சைப் பிழை வழக்கு வந்தால் பொறுப்பு யாருடையது என்பது எழுத்தில் இல்லாமல் தொடங்கியவை நிறைய. ‘வாரத்தில் ஒரு நாள்’ என்று எழுதியிருக்கும், அந்த நாளில்தான் யூனிட்டில் கட்டாயக் கூட்டம் வைப்பார்கள். அந்த நாளை ரத்து செய்யும் அதிகாரத்தைக் கமாண்டரிடமிருந்து எடுத்து ஒருபடி மேலே கொடுத்தாலே பாதி சரியாகிவிடும்.

---

ரோல்கால்:

கத்திமுனை சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் அது சர்ஜன் பார்வை. குடும்ப மருத்துவருக்கும் மனநல மருத்துவருக்கும் கேஸ் பஞ்சம் கிடையாது. அவர்களும் போகிறார்கள். ஆகவே பணத்தை அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிடாதீர்கள்.

பிரச்சினை தொகையின் அளவில் மட்டும் இல்லை, வடிவத்திலும் இருக்கிறது. ராணுவச் சம்பளம் பதவிக்கும் சேவை ஆண்டுக்கும் கட்டுப்பட்டது. ஒரே ரேங்கில் இருக்கும் குழந்தை மருத்துவரும் மூளை நரம்பு சர்ஜனும் அடிப்படையில் ஒரே சம்பளம் வாங்குகிறார்கள். வெளிச் சந்தையில் இருவருக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அதனால் அமெரிக்கா துறைவாரியாக மாறும் ஊக்கத்தொகை, துறை நிபுணர் என்று காட்டும் போர்டு சான்றிதழுக்கான தொகை, பல ஆண்டு ஒப்பந்தத்துக்கான தக்கவைப்பு போனஸ் என்று தனித்தனியாக வைத்திருக்கிறது. ஒப்பந்தம் நீள நீள ஆண்டுக்கான தொகையும் உயரும். ஆனால் இந்தச் சிறப்புத் தொகை எதுவும் ஓய்வூதியக் கணக்கில் சேராது. மூத்த சர்ஜனின் வருமானத்தில் பெரும்பங்கு சிறப்புத் தொகை என்னும்போது, 2018க்கு முன் சேர்ந்தவர்களுக்கான ‘50 சதவீத ஓய்வூதியம்’ என்பது அவர் கைக்கு வருவதில் பாதிக்கும் வெகு குறைவு.

இந்தியாவில் இது தலைகீழ். தனியாகப் பிராக்டிஸ் செய்யாததற்கான படி, நான்-பிராக்டிசிங் அலவன்ஸ், அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம். எல்லாத் துறைக்கும் ஒரே விகிதம்தான், சந்தையைப் பிரதிபலிக்காது. ஆனால் அது அகவிலைப்படிக்கும் ஓய்வூதியத்துக்கும் சம்பளமாகவே கணக்கிடப்படுகிறது. மாதம் 15,500 ரூபாய் ராணுவச் சேவை ஊதியமும் அப்படியே. அமெரிக்க முறை இப்போது தருகிறது, இந்திய முறை பின்னால் தருகிறது. இளைய ஸ்பெஷலிஸ்டை இழுக்க முதலாவது நல்லது, பதினைந்து ஆண்டு ஆனவரைப் பிடித்துவைக்க இரண்டாவது.

போனஸ் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு நேரம். பாண்ட் முடிய மூன்று மாதம் இருக்கும்போது கடிதம் வருகிறது. அதற்குள் அவர் வெளியில் வேலை ஒப்புக்கொண்டிருப்பார், வாழ்க்கைத்துணை வேலை மாற்றியிருப்பார், பிள்ளைக்குப் பள்ளி பார்த்திருப்பார். மேற்பயிற்சி இடங்களுக்கு ஓராண்டு முன்னாலேயே விண்ணப்பம் போட வேண்டும். ஆகவே தங்குவதா போவதா என்ற பேச்சு 18 முதல் 24 மாதம் முன்னால் தொடங்க வேண்டும். போனஸ் தொகை அறிவிப்பும் அதற்கு முன்னால் வந்தாக வேண்டும். ஆண்டுதோறும் கடைசி நேரத்தில் அறிவிக்கப்படும் தொகையை நம்பி யாரும் வாழ்க்கையைத் திட்டமிட மாட்டார்கள்.

---

குறிப்பேடு:

மூவருக்கும் மிக்க நன்றி. கணக்கர் சார், ‘ஷார்ட் சர்வீஸ்’ முறையை உங்கள் கணக்கில் எப்படிப் பொருத்துவது? இந்திய ராணுவ மருத்துவப் பிரிவு பெரும்பாலும் அதை நம்பித்தானே இருக்கிறது? இன்னொன்று, நேரடியாக ஸ்பெஷலிஸ்டைச் சேர்த்துவிட்டால் பத்தாண்டு காத்திருப்பு மிச்சம்தானே? ஏன் எல்லோரும் அதையே செய்வதில்லை?

---

கணக்கர்:

இந்தியாவில் இரண்டு வாசல். புனேயில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரி ஒன்று: 1948இல் உருவானது, எம்.பி.பி.எஸ். வகுப்பு 1962இல் தொடங்கியது. மற்றது, வெளிக் கல்லூரியில் படித்து முடித்தவர்களுக்கான ஷார்ட் சர்வீஸ் கமிஷன். இதில் முதலில் 5 ஆண்டு. விரும்பினால் மேலும் 9 ஆண்டு, அதுவும் 5, 4 என்று இரண்டு தவணையாக. மொத்தம் 14. இடையில் துறைவழித் தேர்வு மூலம் பெர்மனென்ட் கமிஷனுக்கு, அதாவது நிரந்தரப் பணிக்கு, மாறலாம்.

இங்கே 14 என்ற எண்ணைப் பாருங்கள். அதிகாரிகளுக்கு ஓய்வூதியத் தகுதி 20 ஆண்டு. ஷார்ட் சர்வீஸிலேயே இருந்துவிடுபவர் 14இல் பணிக்கொடையோடு வெளியேறுகிறார். அதாவது ஓய்வூதியம் என்ற பிடி அவரிடம் வேலை செய்யாது. அதனால் அவர் முடிவெடுக்கும் இடங்கள் இரண்டே: ஐந்தாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு. ஐந்தாம் ஆண்டில் அவரை நிறுத்துவதோ விடுவதோ அனேகமாக மேற்படிப்பு. எம்.டி., எம்.எஸ். இடம் உள்ளே கிடைக்கும் என்று தெரிந்தால் தங்குவார், இல்லையென்றால் வெளியே நுழைவுத் தேர்வு எழுதப் போவார். சம்பளத்தை விட இதுதான் பெரிய கயிறு. இம்மாதிரிப் படைகளில் மேற்படிப்பு இட ஒதுக்கீடே தக்கவைப்புக் கொள்கை என்று சொல்லலாம். ஒரு எச்சரிக்கை: மேற்படிப்புக்கான கடனைப் பழைய கடனோடு சேர்ந்து ஓடவிட்டால் படிப்பு முடிந்த கொஞ்ச நாளில் ஆள் போய்விடுவார். ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் படிப்பையே வேண்டாம் என்பார். எந்தத் துறைக்குச் சேர்ந்து ஓட வேண்டும், எதற்கு அடுக்க வேண்டும் என்பதைப் பற்றாக்குறையைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

---

ரோல்கால்:

நேரடிச் சேர்ப்பு பற்றி நான் சொல்கிறேன். முப்பத்தெட்டு வயது மயக்கவியல் நிபுணரைப் பிடிக்க மூன்று தடை. வெளி அனுபவத்துக்கு எத்தனை ஆண்டு சீனியாரிட்டி தருவது என்பது முதல் தடை. குறைவாகத் தந்தால் தன்னைவிடப் பத்து வயது இளையவருக்குக் கீழே நிற்க வேண்டும். நிறையத் தந்தால் உள்ளே வளர்ந்தவர்கள் முறைப்பார்கள். அடுத்து உடல்தகுதி. இருபத்திரண்டு வயது சிப்பாய்க்கு எழுதிய விதியை வைத்து, கட்டுப்பாட்டில் உள்ள இரத்த அழுத்தத்துக்காக அவரை நிராகரிப்பார்கள், அல்லது விலக்கு கேட்ட கோப்பு மாதக்கணக்கில் சுற்றும். மூன்றாவது, தாமதம். பட்டச் சரிபார்ப்பு, உரிமம், பாதுகாப்புச் சோதனை, மருத்துவச் சோதனை நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். நான்கையும் ஒரே நாளில் தொடங்கி, ஒரே அலுவலரைப் பொறுப்பாக்கி, முதல் போஸ்டிங் எங்கே என்பதை நிபந்தனையோடு எழுத்தில் கொடுத்தால் பலர் நிற்பார்கள். இத்தனையும் தாண்டி உள்ளே வந்தவரை எக்ஸ்ரே கூட இல்லாத யூனிட்டுக்கு அனுப்பிவிட்டால் முதல் ஒப்பந்தத்தோடு சரி.

---

கத்திமுனை:

யூனிட் என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்கக் கடற்படையில் இன்டர்ன்ஷிப் ஓர் ஆண்டு முடித்தவரையே பொது மருத்துவ அதிகாரியாகக் கப்பலுக்கோ மரைன் படைக்கோ அனுப்பும் வழக்கம் உண்டு. அந்தக் காலம் கடனில் கழியும். விளைவு, ரெசிடென்ஸி செய்யாமலே நான்காண்டையும் அப்படியே முடித்து, வெளியே போய்ப் பயிற்சி எடுத்துக்கொள்பவர்கள் கணிசம். படைக்குக் கிடைத்தது ஒரு இளைய பொது மருத்துவர், கிடைக்காமல் போனது ஒரு ஸ்பெஷலிஸ்ட். கணக்கரின் 700 பேர் கணக்கில் இருவரும் ஒரே ‘ஒன்று’தான்.

பதவி உயர்வையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்: கர்னலாக வேண்டுமானால் நிர்வாக நாற்காலி பார்த்திருக்க வேண்டும் என்ற விதி, நல்ல கைகளை மேசைக்கு அனுப்புகிறது. சிகிச்சைக்கென்றே தனிப் பதவிப் பாதை இருந்தாலும், தேர்வுக் குழுவில் உட்காருபவர்கள் நிர்வாகப் பாதையில் வந்தவர்களாக இருந்தால் பயனில்லை. குழுவில் யார் என்று விசாரியுங்கள்.

---

குறிப்பேடு:

அருமை. கடைசியாக ஒன்று. ஒரு படையிடம் தரவு கேட்க வாய்ப்புக் கிடைத்தால் எதைக் கேட்பது? ‘வெளியேறியவர்கள் சதவீதம்’ போதுமா?

---

கணக்கர்:

போதாது, ஏமாற்றும். மொத்த டாக்டர்களில் எத்தனை சதவீதம் போனார்கள் என்று கொடுப்பார்கள். அதில் பாண்டில் இருப்பவர்களும் அடக்கம், அவர்கள் நினைத்தாலும் போக முடியாது. அதனால் சதவீதம் அழகாகத் தெரியும். அந்த ஆண்டில் கடன் தீர்ந்து, போக உரிமை பெற்றவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். துறைவாரியாக, வந்த வாசல்வாரியாக. சிறிய துறைகளில் ஆண்டுக்கு நான்கைந்து பேர்தான் இருப்பார்கள், ஆகவே ஐந்தாண்டைச் சேர்த்துப் பாருங்கள். வெளியேறும்போது நிரப்பித் தரும் படிவத்தை நம்பாதீர்கள். போகிற நேரத்தில் எல்லோரும் ‘குடும்பக் காரணம்’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். அதற்குப் பதில் ஒவ்வொரு சர்ஜனும் கடந்த 12 மாதத்தில் செய்த பெரிய அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை, நிரப்பப்பட்ட இடங்களில் எத்தனை பேர் தங்கள் துறையிலேயே வேலை செய்கிறார்கள், இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அதையும் கட்டுரையில் எழுதுங்கள்.